மின்விசையில் கை வைக்கும் முன்

கிளமெண்டி கடைத்தொகுதியின் ஐந்தாம் மாடியில் இருக்கும் பொது நூலகத்தில் நான் அடிக்கடி படிப்பதுண்டு. தேர்வுக் காலத்தில் அங்கு இடம் கிடைப்பதே அரிது. அங்கு பலமுறை கண்டது இது: மடிக்கணினித் திரை அசையாமல் நின்றுவிடும், உடனே மாணவரின் விரல் மின்விசைக்குப் போகும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்ததும் திரை கறுத்துவிடும். சிக்கிக்கொண்ட செயலியோடு, சேமிக்காமல் திறந்து வைத்திருந்த மற்ற வேலைகளும் போய்விடும்.

இந்தப் பழக்கத்தை நாம் விடவேண்டும். பெரும்பாலும் உறைந்து நிற்பது ஒரு செயலிதான், கணினி அன்று. 1990களின் தொடக்கத்தில் வந்த விண்டோஸ் 3.1இல் ஒரு செயலி முரண்டுபிடித்தால் மற்றவையும் முடங்கும். இன்றைய இயங்குதளங்கள் செயலிகளைத் தனித்தனியே பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தாமே நேரம் ஒதுக்குகின்றன. ஆகவே ஒன்றை மட்டும் மூடலாம்.

அதற்கும் அவசரம் வேண்டாம். ஐந்து விநாடிகள் மறுமொழி இல்லை என்றாலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று விண்டோஸ் முத்திரை குத்திவிடும். செயலி பெரிய கோப்பு ஒன்றோடு போராடிக்கொண்டிருக்கலாம். ஓரிரு நிமிடங்கள் பொறுத்தும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிக்கிய செயலியைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மேக் கணினியில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப். குரோம்புக்கில் சர்ச், எஸ்கேப். மூடிய செயலியில் சேமிக்காதது போகலாம், மற்றவை தப்பும். சுட்டிகூட நகராதபோது மட்டுமே மின்விசை.

“எல்லாம் தானாகவே இணையத்தில் சேமிக்கப்படுகிறதே” என்பார்கள் நண்பர்கள். கூகல் டாக்ஸில் எழுதும் கட்டுரைக்கு அது சரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் காணொளி தொகுப்பவரிடமும் நிரல் எழுதுபவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

2021ஆம் ஆண்டுக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றல் சாதனம் என்று கல்வி அமைச்சு இலக்கு வைத்தது. சாதனம் கைக்கு வரும் முதல் வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரையும் ஒரு செயலியை இப்படி மூடிப் பார்க்கச் செய்யலாம். பள்ளிச் சாதனம் சிலவற்றில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கக்கூடும். அப்போது யாரைக் கேட்பது என்பதையும் அந்தப் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடவேண்டும்.