நீலத்தின் இடத்தில் பச்சையா?

"பதினஞ்சு நிக்கலைன்னா முப்பதைப் போடுங்க. கம்பெனிக்காரன் சிக்கனம் பார்த்துச் சின்னதா வெச்சிருக்கான்."

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கார் ஒயரிங் வேலை பார்க்கும் நண்பர், சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகளிடம் கார் ஃபியூஸைப் பற்றி இப்படி அடித்துச் சொன்னார். நான் மறுத்ததும் மேலும் இரண்டு நியாயங்களை அடுக்கினார். மூன்றுமே தவறு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பழைய கார் வாங்கி ஓட்டுகிறவர்கள். அதனால் இதை அங்கேயே விட்டுவிட முடியவில்லை.

சிக்கனம் என்கிறார். அவர் கடை டப்பாவில் 15 ஆம்ப் நீலமும் 30 ஆம்ப் பச்சையும் ஒரே விலைக்குத்தான் போகின்றன. இதில் கம்பெனிக்கு மிச்சமாவது என்ன? கம்பெனி சிக்கனம் பார்த்தது செம்பில். ஒயர் மெலிசு, அதனால் ஃபியூஸும் சின்னது. அவர் சொன்ன காரணமே அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது.

15-ம் 30-ம் ஒரே சைஸ், அதே இடத்தில் கச்சிதமாக உட்காருகிறதே என்பது அடுத்த நியாயம். உட்காருவது அனுமதி ஆகாது. ஒரே சைஸ் என்பதால்தான் 10-க்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை என்று நிறம் கொடுத்து, தலையில் எண்ணும் பொறித்திருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "ஃபியூஸ் பல்பைக் காப்பாத்தத்தான். பல்பு போனா வேற மாட்டிக்கலாம்." இல்லை. ஃபியூஸ் காப்பது ஒயரை. மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 15 ஆம்ப் ஓடினால் மீட்டருக்குச் சுமார் 4 வாட் சூடு. 30 ஓடினால் 15 வாட்டுக்கு மேல். இரண்டு மீட்டர் ஒயர் போதும், அவர் மேசையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னைத் தாண்டிவிடும். அதுவும் டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றுப் புகாமல் டேப் சுற்றிய கட்டுக்குள். 30 ஆம்ப் ஃபியூஸ் 30-ஐத் தொட்டதும் உருகிவிடாது. 33 ஆம்பை 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது அதற்கான தர விதி. ஒயர் வெந்துகொண்டிருக்கும்போது பச்சை ஃபியூஸ் முழுசாக இருக்கும்.

அப்படி வெந்த ஒன்றை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். 60 வாட் ஹெட்லைட் பல்புகளைக் கழற்றி 100 வாட் மாட்டிய கார் அது. இரண்டுக்கும் சேர்த்து 200 வாட், 12 வோல்ட்டில் 16 ஆம்புக்கு மேல். 15 போய்க்கொண்டே இருந்ததால் யாரோ 30 போட்டிருந்தார். ஒயரின் மேலுறை பழுப்பேறி, பக்கத்து ஒயரோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் செம்பு கறுத்து வெளியே தெரிந்தது. அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது ஒரு ரிலே, பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர், பேட்டரி அருகிலேயே அதற்கொரு ஃபியூஸ்.

வீட்டில் பீஸ் போனால் கட்டையில் செம்புக் கம்பியை நாலு இழையாக முறுக்கிச் சொருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதே கைதான் இப்போது காருக்கும் வந்திருக்கிறது.

"ராத்திரி மழையில ஹெட்லைட் இல்லாம செங்கல்பட்டு வரைக்கும் எப்படிப் போவான்?" என்று கேட்டார். அவர் பேச்சில் நியாயமானது இது ஒன்றுதான். ரேடியோவுக்கோ சார்ஜர் சாக்கெட்டுக்கோ அதே எண்ணில் ஃபியூஸ் இருந்தால் பிடுங்கி மாட்டலாம். மாட்டியதும் அதுவும் போனால் எங்கோ ஷார்ட். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

இன்றே உங்கள் ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, அதிலோ வண்டியின் கையேட்டிலோ உள்ள எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தால், முதலில் அதைப் பிடுங்குங்கள்.