'ஓய்வு பெற்றவர்' என்று எழுதாதீர்கள்



மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி வந்து பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், சுரங்கத்தில் இறங்கி உழைத்த தகப்பனாரோ மாமனாரோ இன்றும் இருக்கிறார். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். அங்கே படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று நிரப்பிவிடுகிறோம். இது கூடாது என்பதே என் கருத்து.

கோலார் தங்கம் கிடந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்து, வெடி வைத்து எடுத்தபோது கிளம்பிய நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். எக்ஸ்ரேயில் பொடிப் பொடியான வெள்ளைப் புள்ளிகளாக, பெரும்பாலும் மேல்பாகத்தில் தெரியும். காசநோயும் அதே மேல்பாகத்தைத்தான் அதிகம் பிடிக்கும். நோயாளியின் தொழிலை நாம் சொல்லாதபோது, படத்தைப் பார்த்த டாக்டர் காசம் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசமும் எளிதில் பற்றும் என்பதால், சளிப் பரிசோதனையும் அவசியம். காச மாத்திரை காசத்தைக் குணமாக்கும்; கல்தூசித் தழும்பை ஒன்றும் செய்யாது.

ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலை அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்போம். கருவி காட்டும் குறியோடு, அந்தத் தண்டவாளம் எந்த வருடம் போட்டது, எவ்வளவு பாரம் தாங்கியது என்பதையும் பார்ப்போம். நுரையீரலுக்கு அந்தப் பதிவேடு, மனிதன் பார்த்த வேலைதான்.

"சுரங்கமே மூடியாகிவிட்டது, இனி என்ன?" என்பார்கள். மூடியது 2001 பிப்ரவரி 28இல். ஆனால் உள்ளே போன தூசி வெளியே வருவதில்லை. வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் நோய் தலைகாட்டும், வளரும். 1940 முதல் 1946 வரை கேப்லன், பர்டன் என்ற இருவர் நடத்திய ஆய்வில் 7,600க்கும் மேற்பட்ட கோலார் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. பிறகு தூசியைக் குறைக்கப் பல ஏற்பாடுகள் வந்தன என்றாலும், அலட்சியம் செய்யக்கூடிய கணக்கா இது?

ஆகவே, 'சாம்பியன் ரீஃப், பாறையில் துளை போட்டவர், 22 வருடம்' என்று விவரமாக எழுதுங்கள். மேலே மில்லில் கல் அரைத்தவர்களும் எழுத வேண்டும். பழைய எக்ஸ்ரே படங்களைச் சூரிய கிரகணம் பார்க்க வெட்டிவிடாதீர்கள் (அது கண்ணுக்கும் கேடு). பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தால்தான் புள்ளிகள் பெருகியிருக்கின்றனவா என்று டாக்டரால் சொல்ல முடியும். எந்தச் சுரங்கம், எத்தனை வருடம் என்ற விவரத்தைப் பெரியவரிடம் இன்றைக்கே கேட்டு, அந்தப் படங்களின் உறை மேலேயே எழுதி வையுங்கள்.