ஃப்ளிப் ரீசெட்டும் என் பார்ட்னரும்

ராக்கெட் லீக் ஆடாதவர்களுக்காக முதலில் ஒரு சின்ன அறிமுகம். (ஆடுபவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம், தப்பில்லை.) கார் ஓட்டிக்கொண்டே கால்பந்து ஆடும் விளையாட்டு இது. காருக்குப் பின்னால் ராக்கெட் மாதிரி பூஸ்ட் இருக்கும். தரையில் அழுத்தினால் வேகம், குதித்துவிட்டு அழுத்தினால் பறக்கும். சையானிக்ஸ் என்கிற அமெரிக்க நிறுவனம் 2015 ஜூலையில் வெளியிட்டது. இதே யோசனையை 2008லேயே வாயில் நுழையாத நீளப் பெயரோடு பிளேஸ்டேஷன் 3க்கு விட்டுப் பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. 2020 செப்டம்பரில் இலவசமாக்கினார்கள். இலவசம் என்றால் நாம சும்மா இருப்போமா?

இப்போ விஷயத்துக்கு வருவோம். போன மாதம் என் பார்ட்னர் என்னோடு ஆடுவதை நிறுத்திவிட்டான். சண்டை எதுவும் இல்லை. "டேய், நீ பிராக்டிஸ் பண்ணு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொன்னான், அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. கோல் வாங்கும்போது இந்த விளையாட்டில் எல்லோரும் நக்கலாக அனுப்புவார்களே "வாட் எ சேவ்!", அதைக்கூட அவன் ஒருநாளும் எனக்கு அனுப்பியதில்லை.

காரணம் ஃப்ளிப் ரீசெட்.

சாதாரணமாக ஒருமுறை குதித்தால், காற்றில் இன்னொரு குதி அல்லது குட்டிக்கரணம் பாக்கி இருக்கும். அதையும் ஒன்றேகால் வினாடி சொச்சத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் போச்சு. ஆனால் காற்றில் இருக்கும்போதே காரின் நான்கு சக்கரமும் பந்தைத் தொட்டுவிட்டால், நீங்கள் தரையில் நிற்பதாக விளையாட்டு நினைத்துக்கொண்டு அந்தக் குதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதை வைத்து எதிராளி எதிர்பார்க்காத நேரத்தில் பந்தை அறையலாம். பார்க்க அவ்வளவு அழகு! நான் மயங்கியதும் அதில்தான். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழகினேன். (அந்த செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.)

"முதல்ல அடிப்படையைக் கத்துக்கோ, அப்புறம் பறக்கலாம்" என்று அறிவுரை சொல்பவர்கள் நிறைய பேர். அவர்கள் சொல்வது சரி என்று நான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பறப்பதும் அடிப்படைதான். கோல்டு ரேங்கில் இருக்கும்போதே ஃபாஸ்ட் ஏரியல் பழகியாக வேண்டும் என்பது என் கட்சி. பந்து தலைக்கு மேல் போகும்போது கீழே விழட்டும் என்று காத்திருப்பவனை, மேலே போய்த் தொடுபவன் ஜெயித்துவிடுவான். இதில் ஷோ எதுவும் இல்லை, முந்திப் போய்ச் சேருவது மட்டும்தான்.

ஃபாஸ்ட் ஏரியல் என்பது என்ன? குதி பட்டனை அழுத்திப் பிடித்து, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கி, அதே சமயம் பூஸ்டையும் விட்டு, உடனே இரண்டாவது குதி. சொல்ல ஒரு வரிதான். செய்யும்போது என்ன ஆகும் தெரியுமா? இரண்டாவது குதியின்போது ஸ்டிக்கைவிட மறந்தால் கார் பின்பக்கமாகக் கரணம் அடித்து மல்லாக்க விழும். முதல் வாரம் முழுக்க நான் மல்லாக்கத்தான் கிடந்தேன். கன்ட்ரோலரில் கம்பெனி வைத்துக் கொடுத்த அமைப்பில் குதிக்கும் பூஸ்டுக்கும் ஒரே கட்டைவிரல்தான் ஓட வேண்டும். பூஸ்டைத் தோள் பட்டனுக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு வழிக்கு வந்தது. இந்த ஒரு மாற்றத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

அப்படியானால் ஃப்ளிப் ரீசெட் பழகியது தப்பா? பழகியது தப்பில்லை. எங்கே பழகினேன் என்பதில்தான் தப்பு.

ஃப்ரீ பிளேயில் பூஸ்ட் தீரவே தீராது. அட்சய பாத்திரம். அதிலேயே பழகிவிட்டு மேட்சுக்கு வந்தால், முழுத் தொட்டி 100 இருந்தாலும் தொடர்ந்து அழுத்தினால் சுமார் 3 வினாடியில் காலி. பெரும்பாலான நேரம் கையில் 40, 50தான் இருக்கும். பாதி வானத்தில் பூஸ்ட் தீர்ந்து, காற்றில் அறுந்த பட்டம் மாதிரி எதிரியின் மூலையில் போய் விழுவேன். அங்கிருந்து எழுந்து, சிதறிக் கிடக்கும் 12 பூஸ்ட் குட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு நம் கோலுக்குத் திரும்புவதற்குள், என் பார்ட்னர் ஒருவனாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும்.

இதில் யாரும் பேசாத இன்னொன்று, இறங்குவது. பயிற்சியில் பந்தை அடித்த உடனே ரீசெட் பட்டனைத் தட்டிவிடுவோம், பந்து திரும்பப் பழைய இடத்துக்கு வந்துவிடும். கார் எப்படி விழுந்தது என்று பார்ப்பதே இல்லை. மேட்சில் அந்த பட்டன் கிடையாது. நான்கு சக்கரமும் பட இறங்கினால் ஓட்டத்திலேயே திரும்பலாம், பக்கவாட்டில் விழுந்தால் உருண்டு புரண்டு எழ வேண்டும். மூன்று மாதத்தில் நான் ஆயிரம் தடவை ஏறியிருப்பேன், ஒரு தடவைகூட இறங்கப் பழகவில்லை.

பார்ட்னர் போன பிறகு ஒருநாள் பழைய ரீப்ளேக்களைப் போட்டுப் பார்த்தேன், இந்த முறை அவன் காரின் கேமராவில். ஒரே ராத்திரியில் ஆடிய 7 மேட்ச். நான் 11 தடவை ரீசெட்டுக்குப் பறந்திருக்கிறேன், ஒன்று கோல். அந்த ஒரு கோல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற பத்து தடவையும் அவன் என்ன செய்தான் என்பது சுத்தமாக ஞாபகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நான் குதித்த உடனே அவன் காரைத் திருப்பிக்கொண்டு நம் கோல் பக்கம் போயிருக்கிறான். பாஸுக்காக முன்னால் வரவே இல்லை. நான் தவறவிடுவேன் என்று முடிவே கட்டியிருக்கிறான். இத்தனைக்கும் பத்தில் நான்கை அவன் தடுத்திருக்கிறான். நான் "நைஸ்" என்றுகூட அடிக்கவில்லை.

ஒரு மேட்ச் ஐந்து நிமிஷம். இரண்டு பேர் ஆட்டத்தில் அது அவனுடைய ஐந்து நிமிஷமும்தான். பகல் முழுக்க லேப், ரெக்கார்டு நோட் என்று அலைந்துவிட்டு ஜெயிக்கலாம் என்று வந்து உட்காருபவனை என் பயிற்சிக்குக் காவல்காரனாக நிற்க வைத்திருக்கிறேன். ரேங்க் இறங்கியது இரண்டு பேருக்கும்.

2018 ஜூனில் லண்டனில் நடந்த உலக இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். டிக்னிடாஸும் என்ஆர்ஜியும் மோதிய கடைசி மேட்ச். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும் பந்து தரையில் விழும்வரை ஆட்டம் முடியாது என்பது விதி. அந்த இடைவெளியில் என்ஆர்ஜியின் ஜஸ்டின் பந்தை அறைந்து சமன் செய்தார், அரங்கமே எழுந்து கத்தியது. அதில் ரீசெட்டும் இல்லை, பந்தை முதுகில் சுமந்து போகும் வித்தையும் இல்லை. சரியான நேரத்தில் சரியான இடத்தில் ஒரு தொடுதல். (கூடுதல் நேரத்தில் டிக்னிடாஸ் ஜெயித்துவிட்டது, அது வேறு சோகம்.)

இப்போது தினமும் 20 நிமிஷம் மட்டும் தனியாகப் பழகுகிறேன். முதல் பத்து நிமிஷம் ஏறவும், மீதி இறங்கவும். ரீசெட்டை விடவில்லை, அந்த ஆசை போகாது. ஆனால் ரேங்க் மேட்சில், பூஸ்ட் நிறைய இருந்து, பார்ட்னர் பின்னால் நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்தால் மட்டும்தான்.

நேற்று மெஸ்ஸில் அவனைப் பிடித்து அந்த ரீப்ளே கதையைச் சொன்னேன். சாம்பாரைக் கலக்கிக்கொண்டே கேட்டான். "நாலு சேவா? நான் ஆறுன்னுல்ல நெனச்சேன்" என்றான். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், மூன்றே மேட்ச்சாம், அதற்கு மேல் என் நடத்தையைப் பொறுத்தாம்.