உமிழ்நீரில் தேடப்படும் மனச்சான்று

மனச்சான்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவது நம் வழக்கம். இன்று உளமருத்துவ ஆய்வாளர் சிலர் உமிழ்நீர்க் குப்பியைச் சுட்டுகின்றனர். அவர்தம் உழைப்பை நாம் இகழவில்லை. அவ்வுழைப்பிலிருந்து உலகம் அவசரமாகப் பறித்துக்கொள்ளும் தீர்ப்பையே மறுக்கின்றோம்.

நெருக்கடி நேர்கையில் மூளை பிட்யூட்டரி சுரப்பியை ஏவுகிறது. அது சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்னும் ஹார்மோன் குருதியில் கலக்கிறது. இது குன்றியவனுக்கு அச்சமும் குன்றும். அச்சமற்றவனைத் தண்டனை திருத்தாது. ஆகவே அவன் இரக்கமற்ற ‘சைக்கோபாத்’ ஆகிறான் என்பது வாதம். 2000ஆம் ஆண்டில் கீத் மெக்பர்னெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. நடத்தைக் கோளாறுக்காக மருத்துவரிடம் அனுப்பப்பட்ட 38 சிறுவரை அவர்கள் நான்காண்டுகள் கவனித்தனர். கார்டிசால் குறைந்தோரிடம் முரட்டுத்தனம் மிகுந்தும் நீடித்தும் இருக்கக் கண்டனர்.

கண்டது மெய்யாகவே இருக்கட்டும். முப்பத்தெட்டுச் சிறுவர் மனித குலம் முழுவதற்கும் சான்றாவரோ? முரட்டுச் சிறுவனெல்லாம் இரக்கமற்றவனோ? கார்டிசாலோ விழித்தவுடன் உயர்ந்து இரவில் தாழ்வது. ஒரு வேளை எடுத்த அளவு மறுவேளைக்குப் பொருந்தாது. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. 1989இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின் ருமேனியாவின் குழந்தை இல்லங்களை உலகம் கண்டு நடுங்கியது. மேரி கார்ல்சன், ஃபெல்டன் ஏர்ல்ஸ் இருவரும் அங்கிருந்த குழந்தைகளின் கார்டிசாலை அளந்தபோது, அதன் அன்றாட ஏற்றத்தாழ்வு சிதைந்திருந்தது. அக்குழந்தைகள் செய்த குற்றம் என்ன? தூக்கி அணைக்க ஆளின்றிக் கிடந்ததுதான். ஆகவே, ஒருவனது தீமையின் வேர் என்று நாம் சுட்டுவது, பிறர் அவனுக்கு இழைத்த தீமையின் தழும்பாகவும் இருக்கக்கூடும்.

‘பலியானோரின் கண்ணீரை மறந்தீரோ?’ எனச் சிலர் கேட்கலாம். மறக்கவில்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு. செய்யாத நாளைய குற்றத்தை முன்னறிந்ததாகச் சொல்லி ஒருவனைத் தண்டிப்பதையே எதிர்க்கின்றோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், காவலர் ஒருவரைக் கொன்ற தாமஸ் பேர்ஃபுட்டை நேரில் சோதிக்காமலேயே, அவன் மீண்டும் வன்செயல் புரிவது உறுதி என்று உளமருத்துவர் ஜேம்ஸ் கிரிக்சன் சாட்சி சொன்னார். இத்தகைய கணிப்புகள் மூன்றில் இரண்டு தவறாகும் என அமெரிக்க உளமருத்துவச் சங்கமே வாதிட்டது. ஆயினும் 1983இல் உச்ச நீதிமன்றம் அச்சாட்சியை ஏற்றது. 1984இல் பேர்ஃபுட் கொல்லப்பட்டான். 1995இல் சங்கம் கிரிக்சனை விலக்கியது. மாண்டவனுக்கு அதனால் ஆவதென்ன?

அன்று ஒரு மருத்துவரின் வாய்ச்சொல்லே இவ்வளவு செய்தது. நாளை அந்த இடத்தில் ஆய்வுக்கூடத்தின் எண் ஒன்று வந்து நின்றால் அதனை மறுத்துப் பேசத் துணிபவர் யார்?

ஆய்வு தொடரட்டும். ஆனால் ஒரு சிறுவனின் உமிழ்நீரில் கார்டிசால் குறைந்திருந்தால், அவன் நெற்றியில் பட்டம் ஒட்டுமுன், அவன் வீட்டில் என்ன நேர்ந்தது, அவனை அணைத்தவர் எவர் என்று முதலில் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் அச்சிறுவன் அல்லன், நாம்.