திருகாணிப் பூட்டு

விலை கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறக்க வாங்கியவனுக்குப் பாத்தியதை உண்டா, இல்லையா? நியாயமறிந்தவர் எவரும் உண்டு என்றே விடையளிப்பர். ஆயினும், ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனியார் சென்ற நூற்றாண்டின் இறுதியில் விற்ற வீடியோ விளையாட்டு யந்திரங்களைக் கவிழ்த்துப் பார்ப்போமாயின், அக்கம்பெனியாரின் விடை வேறு என்பது விளங்கும். அடிப்பாகத்தில் ஆழ்ந்த குழிகளுக்குள் அமர்ந்திருக்கும் திருகாணிகளே அவ்விடை.

சாதாரணத் திருகாணியின் தலையில் ஒரு கோடேனும், கூட்டல் குறியேனும் வெட்டப்பட்டிருக்கும். திருப்புளியின் நுனி அதனுள் புகும். இத்திருகாணியின் தலையிலோ வெட்டே கிடையாது. குமிழ் போல் எழுந்த தலையின் விளிம்பைச் சுற்றிப் பள்ளங்கள் உண்டு. அவற்றின்மேல் கவிழ்ந்து பற்றும் குழல் நுனிக் கருவி இருந்தாலன்றி அது எளிதில் அசையாது. 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த சூப்பர் நிண்டெண்டோ, 1996-இல் வந்த நிண்டெண்டோ 64, 2001-இல் வந்த கேம்கியூப் ஆகிய யந்திரங்களைத் திறக்க 4.5 மில்லிமீட்டர் கருவி வேண்டும். கார்ட்ரிட்ஜ் எனப்படும் விளையாட்டுப் பேழைகளுக்கு 3.8 மில்லிமீட்டர் கருவி வேண்டும்.

பழைய விளையாட்டுச் சாமானைத் திறப்பதால் என்ன பிரயோஜனம் என்று சிலர் நகைக்கலாம். 1987-இல் அமெரிக்காவில் பேழையாக வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆப் ஜெல்டா’ முதலிய பல விளையாட்டுகளில், ஆடியவன் எட்டிய நிலையை நினைவில் வைப்பதற்கென ஒரு சிறு பாட்டரி உள்ளது. பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் சக்தியும் உள்ள வில்லை அது. அது தீர்ந்த அன்று, ஒருவன் இளமையில் மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த பதிவு அழிந்துபோகும். அது தீருமுன் பேழையைத் திறப்பவர், வேறு மின்சாரத்தை இணைத்துக்கொண்டு பாட்டரியை மாற்றி, அப்பதிவையும் காப்பாற்றலாம். திறக்க முடியாதவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான். தேய்ந்த ஒரு சிறு வில்லைக்காக முழுப் பொருளையும் குப்பையில் எறிவது எவ்வகைச் சிக்கனம்?

ஜனங்களின் பத்திரத்தை முன்னிட்டே இத்தகைய பூட்டு அவசியம் என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தைச் சற்று சோதிப்போம். மேற்கூறிய மூன்று யந்திரங்களிலும் வீட்டு மின்சாரத்தைக் குறைக்கும் பகுதி யந்திரத்துக்கு வெளியே தனிப் பெட்டியாக இருக்கிறது. உள்ளே பாய்வது குறைந்த வோல்ட் மின்சாரமே. 1994-இல் வெளிவந்த சோனி கம்பெனியாரின் முதல் பிளேஸ்டேஷனிலோ, வீட்டு மின்சாரம் யந்திரத்துக்குள்ளேயே நுழைகிறது. அதனை மூடியிருப்பது சாதாரணக் கூட்டல் குறித் திருகாணி! அபாயம் மிகுந்ததற்கு எளிய மூடி. அபாயம் குறைந்ததற்கு இரகசியப் பூட்டு. நிண்டெண்டோவாரே அமெரிக்காவில் முதன்முதல் விற்ற பேழைகளை ஒற்றைக் கோட்டுத் திருகாணியால்தான் மூடினர். எனவே, பத்திரம் என்பது காரணமாகாது. வாங்கியவன் உள்ளே பார்க்கலாகாது என்ற எண்ணமே இதில் புலனாகிறது.

பழுது பார்க்கும் பொறுப்பைக் கம்பெனியார் என்றென்றும் ஏற்றிருப்பின், பூட்டுக்கு ஏதோ ஒரு சமாதானமேனும் உண்டு. 1983-இல் வெளிவந்த பாமிகாம் யந்திரத்தைப் பழுது பார்க்கும் வேலையை நிண்டெண்டோவார் 2007-இல் ஜப்பானில் நிறுத்தினர். உதிரிப் பாகங்கள் தீர்ந்தால் எக்கம்பெனியும் அவ்வாறே செய்யும். அதனை நாம் குறை கூறவில்லை. வைத்தியர் ஊரை விட்டுச் செல்லும்போது மருந்துப் பெட்டியின் சாவியையும் எடுத்துச் செல்வது முறையா என்பதே நம் கேள்வி.

சட்டம் இவ்விஷயத்தில் அரைக்கண் விழித்திருக்கிறது. முத்திரையைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அச்சுறுத்தும் வழக்கத்தைக் குறித்து, அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2018-இல் நிண்டெண்டோ, சோனி, மைக்ரோஸாப்ட் உள்ளிட்ட ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் விடுத்தது. 2023-இல் மின்னஸோட்டாவும் கலிபோர்னியாவும் பழுது பார்க்கும் உரிமைச் சட்டங்களை இயற்றின. அவ்விரு சட்டங்களும் வீடியோ விளையாட்டு யந்திரங்களுக்கு விலக்கு அளித்துவிட்டன! கைப்பேசிக்குள்ள நியாயம் விளையாட்டுப் பெட்டிக்கு மட்டும் எவ்வாறு இல்லாமற் போகும்?

சட்டம் திருந்தும்வரை ஜனங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உரிய கருவி இன்று சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. குழி ஆழமாதலால் நீண்டு மெலிந்த தண்டுள்ளதாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். பேனாவின் பிளாஸ்டிக் நுனியை உருக்கிக் குழியில் அழுத்தித் திருகும் தந்திரம், இறுகிய ஆணியில் பலிப்பதில்லை. பிளாஸ்டிக் குழியினுள் ஒட்டிக்கொண்டு இருந்த வழியையும் அடைத்துவிடும். துருப்பிடித்த ஆணிக்குத் துரு நீக்கும் எண்ணெய் ஒரு துளி மட்டும் இட்டு, பெட்டியின்மேல் படாமல் துடைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்கும் அசையாவிடில், பற்றவைக்கும் கோலின் சூட்டை ஆணித் தலையில் சற்று வைத்து எடுத்து, கருவியை நன்கு அழுத்தி மெதுவாகத் திருக வேண்டும். அவசரப்பட்டுத் தலையைச் சிதைத்தவனுக்குத் தலையைத் துளைத்தெடுப்பதைத் தவிர வேறு வழி அரிது. பொறுமையே இதில் பாதி வேலை.

நாம் வற்புறுத்துவது இரண்டே. பழுது பார்க்கும் பொறுப்பைக் கைவிடும் கம்பெனி, அன்றே திறக்கும் கருவியின் அளவையும் பாகங்களின் விவரத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும். சட்டமியற்றுவோர் விளையாட்டு யந்திரங்களுக்கு அளித்த விலக்கை நீக்க வேண்டும். பெட்டியைத் திறந்து வேலையை முடித்த அன்பர்கள் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். கழற்றிய பழைய ஆணியை மீண்டும் மாட்டாமல், அதே அளவுள்ள சாதாரணக் கூட்டல் குறி ஆணியை மாட்டி மூடுக. அடுத்து அதனைத் திறப்பவன் எவனாயினும் அவன் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராது.