ஹைதராபாத்தின் குதிரைகளுக்கு இன்னொரு வேலை

ஹைதராபாத்தில் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. மலக்பேட்டையில் நிஜாம் காலம் தொட்டுப் பந்தயம் நடக்கிறது. குதிரைப் போலீஸாருக்கும் லாயம் இருக்கிறது. சிவராம்பள்ளியில் உள்ள தேசிய போலீஸ் அகாடமியில் ஐ.பி.எஸ். பயிற்சியாளர்கள் குதிரையேற்றம் கற்கிறார்கள். அதே மாநகரில், செகந்திராபாத்தின் மனோவிகாஸ் நகரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 1984-ல் தொடங்கி இயங்கிவருகிறது. லாயத்தையும் இந்த நிறுவனத்தையும் முறையாக இணைத்து, குதிரையேற்றச் சிகிச்சையை அரசே பொறுப்பேற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். தனியார் பயிற்சிக் கூடங்களின் ஆர்வத்துக்கும் பெற்றோரின் வசதிக்கும் மட்டும் இதை விட்டுவிடுவது நியாயமில்லை.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைகிறது. அதனால் மேலே இருப்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே அசைகிறது. தானாக நடக்க முடியாத குழந்தையின் உடலுக்கு நடையின் தாளம் கிடைக்கிறது. நிமிர்ந்து உட்கார வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடம் நடந்த பல ஆய்வுகளில் சமநிலையும் உடல் இயக்கமும் மேம்பட்டிருக்கின்றன. ஆட்டிசம் குறித்து 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரை இரண்டாகப் பிரித்து, 10 வாரம் ஒரு பிரிவினருக்குக் குதிரையேற்றம் கற்பித்தார்கள். மற்றவர்கள் குதிரைகளைப் பற்றிப் படித்தார்கள், குதிரையைத் தொடவில்லை. குதிரையேறியவர்களிடம் எரிச்சலும் மிகைத் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன. பிறரோடு பழகும் திறனும் பேசும் சொற்களும் கூடின. புதிய சூழலும் பெரியவர்களின் கவனிப்பும் இரு பிரிவினருக்கும் கிடைத்தன என்பதால், பலனில் குதிரைக்கும் பங்கு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது.

ஆய்வுகளில் பல சிறியவை, குறுகிய காலத்தவை என்ற விமர்சனம் சரிதான். அரசு நிறுவனம் முன்வர வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். குதிரையேறினால் ஆட்டிசம் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் பெற்றோர் நம்பக் கூடாது. ஆபத்தும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். அவர்களையும், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களையும் ஏற்றுவது பெரும் தவறு. மருத்துவப் பரிசோதனையும், பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரும், குதிரையைப் பிடித்து நடத்த ஒருவரும், தேவைப்படும் குழந்தைக்கு இருபுறமும் துணைக்கு ஆட்களும் இல்லாமல் செய்வது சிகிச்சையே அல்ல.

இவ்வளவு ஆட்களுக்கு ஆகும் செலவில் எத்தனையோ குழந்தைகளுக்குச் சாதாரண பிசியோதெரபி கொடுக்கலாமே என்பதுதான் வலுவான கேள்வி. பிசியோதெரபியை நிறுத்திவிட்டு இதைச் செய்யச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். ஆனால் போலீஸ் குதிரைகளின் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் அரசுப் பணம் ஏற்கெனவே செலவாகிறது. கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் பழக்கப்பட்ட அவற்றில் சாதுவான சிலவற்றை, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் கேட்கலாம். ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் எல்லாம் இதற்கு ஒத்துவராது. வேகத்துக்காகவே வளர்க்கப்பட்டவை எளிதில் மிரளும். எந்தக் குதிரையானாலும் சுமக்கும் எடைக்கும் வேலை நேரத்துக்கும் வரம்பு வேண்டும், கால்நடை மருத்துவரின் சொல்லே முடிவாக வேண்டும்.

பலன் உறுதியானால், இத்தகைய குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் இதற்கும் வெளிப்படையாக இடம் தரலாம். முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் சென்னைக் குதிரைப் போலீஸாரும் அதே வழியைப் பின்பற்றலாம். எதிர்பார்த்த பலன் இல்லையென்றால் அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட வேண்டும்; கடன் வாங்கியாவது ஏதாவதொரு சிகிச்சையைத் தேடி அலையும் குடும்பங்களுக்கு அந்தத் தகவலும் தேவை.