வாதாபியை வென்றவர் யார்?

“பரஞ்சோதியார் வாதாபியை வென்ற வரலாற்றைச் சான்றுகளுடன் எழுதுக.” குன்றத்தூர் மாணாக்கர் இவ்வீட்டுப்பாடத்திற்கு எழுதிக் கொணர்ந்த விடைகளில் பாதிக்கு மேல் ஆயனச் சிற்பியும் சிவகாமியும் வந்து நின்றார்கள்! வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. ‘சிவகாமியின் சபதம்’ 1944-இல் கல்கி பத்திரிகையில் தொடங்கிற்று. அதைப் படித்த குடும்பங்களுக்கு அதுவே சரித்திரமாகிவிட்டது. ஆசிரியர் மீது குறையில்லை. கதை என்று சொல்லித்தான் அவர் கதை எழுதினார்.

உதவ விரும்பும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். விடையைச் சொல்லாதீர்கள். “இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்?” என்று குழந்தையைக் கேளுங்கள்.

சேக்கிழார் பிறந்த ஊராயிற்றே, அவரிடமிருந்தே தொடங்குவோம். பரஞ்சோதியார் தம் மன்னனுக்காக வடபுலம் சென்று வாதாபியைத் துகளாக்கினார் என்று பெரிய புராணம் கூறுகிறது. இவரே பின்னர்ச் சிறுத்தொண்டர் ஆனவர். ஆனால் அம்மன்னன் பெயர் அங்கே இல்லை. பகைவன் பெயரும் இல்லை. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தவர். வாதாபி வீழ்ந்ததோ 642-ஐ ஒட்டி. இடையே ஐந்நூறு ஆண்டுகள்!

மன்னன் பெயருக்குக் காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேட்டைப் பார்க்க வேண்டும். அதை அளித்தவன் முதலாம் பரமேசுவரவர்மன். தன் பாட்டன் நரசிம்மவர்மன், புலிகேசியைப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் முறியடித்து வாதாபியை அழித்தான் என்று அதில் கூறுகிறான். அந்த மணிமங்கலம் நமக்குத் தென்மேற்கே, தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகச் செல்லும் சாலையில் உள்ள ஊரே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லலாம். வாதாபியிலேயே, அதாவது கர்நாடகத்துப் பாதாமியிலும், நரசிம்மவர்மன் பெயர் தாங்கிய பாறைச் சாசனம் சிதைந்த நிலையில் இருக்கிறது.

செப்பேட்டில் பரஞ்சோதியார் இல்லை. புராணத்தில் நரசிம்மவர்மன் இல்லை. இவ்விரண்டையும் முடிபோட்டவர்கள் பிற்கால ஆராய்ச்சியாளர்கள். முடி வலுவானதே. திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடியிருப்பதால், அவர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது பொருந்துகிறது. மாணாக்கர் எழுத வேண்டியது இவ்வளவே: இதைச் செப்பேடு சொல்கிறது, இதைப் புராணம் சொல்கிறது, இது நம் ஊகம்.

இப்படிச் சொல்லி அனுப்பிய மறுநாளே ஒரு மாணவனின் தாத்தா வந்துவிட்டார். “புராணத்தையே சந்தேகிக்கப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறீர்களே, ஸார்?” என்றார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு, ஊர்ப்பெருமை அன்றோ? அவரிடம் நான் காட்டியது ஒரே ஆண்டுதான். கூரம் செப்பேட்டை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அச்சிட்டு வெளியிட்டது 1890-இல். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே, பல்லவர் ஆட்சி மறைந்து போன காலத்தில், சேக்கிழார் வாதாபி என்ற பெயரைப் பிழையின்றிப் பொறித்து வைத்திருக்கிறார். சோழ அரசின் அமைச்சர் அவர். பழைய செய்திகள் எட்டும் இடத்தில் இருந்தவர். கேள்வி கேட்டிராவிட்டால் இந்தச் சிறப்பைப் பையன் அறிந்திருக்க மாட்டான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. செப்பேட்டின் தமிழாக்கம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுப் போனார்.

“அப்படியானால் சேக்கிழார் அரசன் பெயரை ஏன் சொல்லாமல் விட்டார்?” என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். வகுப்பு முழுவதும் ஆளுக்கொரு காரணம் எழுதிவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டார் தயவுசெய்து இதற்கு உதவ வேண்டாம்.